ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும் கால்பந்து கிளப்: வாங்கப் போகிறவருக்கு ஒரு வழிகாட்டி

2018 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் 1 பவுண்டுக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் நம்மூர்க் காசுக்கு நூறு ரூபாய்கூட இல்லை. மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பரி என்ற ஊரின் கிளப் அது. 1885இல் தொடங்கியது, எஃப்ஏ கோப்பையை இரண்டு முறை வென்றது, கிக் லேன் என்று சொந்த மைதானம். கைமாறி ஒன்பது மாதம் முடிவதற்குள், 2019 ஆகஸ்ட் 27 அன்று, லீக்கிலிருந்தே அதை வெளியேற்றிவிட்டார்கள். இதில் வேடிக்கை, அந்த வருடம்தான் அணி நன்றாக ஆடி மேல் அடுக்குக்குத் தேறியிருந்தது. ஆட்டத்தில் தோற்று அழியவில்லை, சம்பளம் கொடுக்க முடியாமல் அழிந்தது.

யானை வாங்கலாம், கட்டித் தீனி போடுவதுதான் கஷ்டம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் இல்லையா, கிளப் விஷயமும் கிட்டத்தட்ட அதுதான். கையில் பணம் வந்து, "ஒரு ஃபுட்பால் கிளப் ஓனர் ஆகிப் பார்க்கலாமே" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் வராதவர்களும் படிக்கலாம், அடுத்தமுறை மேட்ச் பார்க்கும்போது கேமரா காட்டுகிற அந்த கோட்டுப் போட்ட மனிதர் ஏன் அப்படி முகத்தை வைத்திருக்கிறார் என்று புரியும்.

ஏன் இங்கிலாந்து? அங்கே கிளப் என்பது ஒரு கம்பெனி, பங்கை வாங்கினால் உங்களுடையது. ஜெர்மனியில் 50+1 என்றொரு விதி இருக்கிறது, ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர நீங்கள் எவ்வளவு கொட்டினாலும் முழு முதலாளி ஆக முடியாது. நம்மூர் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வேறு மாதிரி, சென்னையின் எஃப்சி போன்றவை 2014இல் லீக்கோடு சேர்ந்தே பிறந்த அணிகள், கடைசி இடத்தில் முடித்ததற்காக ஓர் அணி கீழே இறங்கிய வழக்கம் 2025 வரை அங்கே இருந்ததில்லை. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் ஒவ்வொரு வருடமும் 3 கீழே விழும், யாருடைய பணமும் அதைத் தடுக்காது. உங்கள் சொத்தின் மதிப்பை மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாதியாக்கிவிட்டுப் போகலாம்.

முதலில்: எந்த அடுக்கு?

பிரீமியர் லீக் 20, அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று தலா 24, மொத்தம் 92 கிளப். மேலே உள்ளவை உங்களுக்கும் எனக்கும் கிடையாது. நியூகாசில் 2021இல் சவூதி அரசு நிதியம் தலைமையிலான குழுவுக்குச் சுமார் 30.5 கோடி பவுண்டுக்குப் போனது, செல்சி அடுத்த வருடமே 250 கோடிக்கு. இன்னொரு பக்கம் ரெக்ஸம் இருக்கிறது. ஐந்தாம் அடுக்கில் கிடந்த வேல்ஸ் கிளப். 2021இல் ரயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கல்ஹென்னி என்ற இரண்டு நடிகர்கள் 20 லட்சம் பவுண்டு கிளப்புக்குள் போடுகிறோம் என்று சொல்லி வாங்கினார்கள், 2023, 2024, 2025 மூன்று வருடமும் வரிசையாக மேலே ஏறியது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் கிளம்புகிறார்கள். அந்த நடிகர்களிடம் ஒரு டிவி தொடரும் அதைப் பார்த்து வந்த பெரிய பெரிய ஸ்பான்சர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது?

கேட்கிற விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கிளப்புக்கு உண்மையான விலை என்பது இருக்கிற கடன், அதோடு இன்னும் மூன்று வருடத்துக்கு மாதாமாதம் விழப்போகிற துண்டு. 1 பவுண்டு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டாவது கணக்கு பயங்கரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

மனை வாங்கும்போது முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுப்போம். கிளப் வாங்க வருகிற புத்திசாலிகள் பலர் இதைச் செய்வதில்லை, கோல் கீப்பர் எப்படி என்று விசாரிக்கிறார்கள், மைதானம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

பரியில் மைதானத்தின் மேல் அடமானக் கடன் இருந்தது. அதைவிட, முந்தைய நிர்வாகக் காலத்தில் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள். காரை நிறுத்தும் அந்த ஒரு கட்டம், அதுவே தனிச் சொத்து! டார்பி கவுன்ட்டி என்ற கிளப்பில் அப்போதைய உரிமையாளர் 2018இல் மைதானத்தைத் தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கே சுமார் 8 கோடி பவுண்டுக்கு விற்று, அந்த வருடக் கணக்கை லாபமாகக் காட்டினார். ஷெஃபீல்ட் வென்ஸ்டேயும் ஏறக்குறைய அதே வழியில் ஹில்ஸ்பரோ மைதானத்தை விற்றது. பிறகு கிளப்பை வாங்க வருகிறவர் கிளப்புக்கு ஒரு பேரம், மைதானத்துக்கு ஒரு பேரம் என்று இரண்டு மேஜையில் உட்கார வேண்டும்.

மைதானம் கிளப் பேரிலேயே இருந்தாலும் அதன் உடம்பு எப்படி என்று பாருங்கள். பார்வையாளர் உட்காரும் பல ஸ்டாண்டுகள் நூறு வருடப் பழசு. 1989இல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் சிக்கிய 97 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு பாதுகாப்புச் சான்றிதழ் விஷயத்தில் அங்கே யாரும் விளையாடுவதில்லை. உள்ளூர் கவுன்சில் நினைத்தால் ஒரு பக்கம் முழுவதையும் பூட்டிவிடும். 2025இல் அதே ஹில்ஸ்பரோவின் வடக்கு ஸ்டாண்டை அப்படித்தான் மூடச் சொன்னார்கள்.

பேப்பர் வேலை

உரிமையாளர்களுக்கான தகுதிச் சோதனை ஒன்று உண்டு. மோசடித் தண்டனை இருக்கக் கூடாது, கால்பந்துப் பந்தயம் கட்டிச் சிக்கியிருக்கக் கூடாது, ஏற்கெனவே இரண்டு தடவை கிளப்பைத் திவாலாக்கியிருக்கக் கூடாது. நீண்ட காலம் இது பெயருக்குத்தான் சோதனை, பரி சம்பவத்துக்குப் பிறகுதான் அரசாங்கமே இறங்கியது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது, முதல் ஐந்து அடுக்குகளின் 116 கிளப்களுக்கும் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு. பணம் எங்கிருந்து வருகிறது, அடுத்த சில வருடத்துக்கு என்ன திட்டம் என்று இனி அவர்களும் கேட்பார்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. பணம் இருந்தால் போதாது, பணம் எல்லை தாண்டிப் போக வேண்டும். பிளாக்பர்ன் ரோவர்ஸை வைத்திருக்கும் புனேயின் கோழி வியாபார நிறுவனமான வெங்கீஸ் குடும்பம் 2023 வாக்கில் இங்கே அமலாக்கத் துறை விசாரணை ஒன்று நடந்ததால் கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டி வந்தது. அங்கே லங்காஷயரில் ஆட்டக்காரருக்குச் சம்பள நாள், இங்கே டெல்லியில் வாய்தா.

சம்பள நாள்

சரி, வாங்கிவிட்டீர்கள். ஊர் முழுக்க கைதட்டல், கழுத்தில் கிளப் ஸ்கார்ஃப், போட்டோ. இனிமேல் உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு தேதிதான் முக்கியம், மாதக் கடைசி.

சாம்பியன்ஷிப்பில், அதாவது இரண்டாம் அடுக்கில், எல்லா கிளப்பின் மொத்த வருமானத்தைவிட மொத்தச் சம்பளம் அதிகமாக இருந்த வருடங்கள் பல உண்டு. திரும்பப் படியுங்கள். வருகிறது நூறு, சம்பளத்துக்கே நூற்றுக்கு மேல், அப்புறம் மின்சாரம், புல், பஸ், ஹோட்டல், போலீஸ் பாதுகாப்பு பில். ஏன் இந்தப் பைத்தியக்காரத்தனம் என்றால், மேலே ஏறிவிட்டால் பிரீமியர் லீக்கின் டிவி பணம் ஒரே வருடத்தில் 10 கோடி பவுண்டுக்கு மேல் வரும். லாட்டரிச் சீட்டுக்காகச் சாப்பாட்டுக் காசை எடுப்பது மாதிரி. மேலிருந்து விழுந்த கிளப்களுக்கோ மூன்று வருடம் வரை பாரசூட் பணம் என்று ஒரு தொகை வரும், அவர்களோடு அதே அடுக்கில் பாரசூட் இல்லாமல் நீங்கள் மோத வேண்டும்.

இஷ்டத்துக்குச் சொந்தப் பணம் போட்டு நஷ்டத்தை மூடவும் விடமாட்டார்கள். சாம்பியன்ஷிப்பில் மூன்று வருடத்துக்குச் சேர்த்து அதிகபட்ச நஷ்டம் 3.9 கோடி பவுண்டு, பிரீமியர் லீக் 10.5 கோடி என்று கோடு கிழித்துவைத்திருந்தார்கள். தாண்டினால் புள்ளி வெட்டு. 2023-24 பருவத்தில் எவர்ட்டனுக்கு இரண்டு தடவை, நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டுக்கு ஒரு தடவை 4 புள்ளி. ஆட்டக்காரர்கள் மழையில் உருண்டு சம்பாதித்த புள்ளியைக் கணக்குப்பிள்ளை ஒருவர் இழக்கவைப்பார்.

காசு வரும் வேகத்தையும் புரிந்துகொள்ளுங்கள். சீசன் டிக்கெட் பணம் வசந்தத்திலும் கோடையிலும் மொத்தமாக வந்து விழும், பெட்டி நிறைந்திருப்பது போல் ஒரு பிரமை. ஜனவரி, பிப்ரவரியில் ஒன்றும் இருக்காது. புல்தரை உறைந்துபோய் ஆட்டம் தள்ளிப்போனால் அன்றைக்கு விற்க வேண்டிய இறைச்சி அடைத்த பை (pie) என்ற பலகாரமும் பீரும் போச்சு, சம்பளம் மட்டும் தள்ளிப்போகாது. அப்போது ஒருவர் வந்து "அடுத்த வருட சீசன் டிக்கெட்டை இப்போதே விற்றுவிடலாம் சார்" என்பார். விதைநெல்லைக் குத்திச் சமைக்கிற வேலை அது. ஒருமுறை செய்தால் அடுத்த வருடமும் செய்தே ஆக வேண்டும்.

ஷெஃபீல்ட் வென்ஸ்டேயின் கதையை இதற்காகவே படிக்கலாம். தாய்லாந்துத் தொழிலதிபர் டெஜ்ஃபோன் சன்சிரி 2015இல் 3.75 கோடி பவுண்டுக்கு வாங்கினார். முதல் இரண்டு வருடம் பிரீமியர் லீக் வாசல் வரை போய் நின்றார்கள். 2023இல் வரி பாக்கிக்கும் சம்பளத்துக்குமாக ரசிகர்களே 20 லட்சம் பவுண்டு திரட்டித் தரட்டும், 20,000 பேர் தலைக்கு 100 கொடுத்தால் தீர்ந்தது என்று வெளிப்படையாகக் கேட்டார். 2025இல் சம்பளம் மாதக் கணக்கில் இழுத்தது. ரசிகர்கள் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். அந்த அக்டோபரில் கிளப் நீதிமன்ற வழி நிர்வாகியின் கைக்குப் போனது, உடனே 12 புள்ளி காலி. அன்று நடந்ததுதான் கவனிக்க வேண்டியது: கிளப் கடை வாசலில் வரிசை. இத்தனை நாள் ஒரு பைசா தர மாட்டோம் என்றவர்கள் ஜெர்சியும் டிக்கெட்டும் வாங்க நின்றார்கள். பணம் இல்லாமல் இல்லை, அந்த மனிதர் கைக்குப் போகக் கூடாது என்றுதான் வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மூன்று மணி

உரிமையாளர் பகல் பன்னிரண்டுக்கே வந்துவிடுவது நல்லது. எதிரணி இயக்குநர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், அது அங்கே சம்பிரதாயம், நம் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரைக் கவனிப்பது போல. அவர்களுடைய சென்டர் பேக் ஆட்டக்காரரைத் தூக்க நீங்கள் ரகசியமாக ஏஜென்ட்டிடம் பேசிக்கொண்டிருப்பது இருவருக்கும் தெரியும், அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கறிக்குழம்பு ஊற்றிய பை நன்றாக இருக்கிறது என்று பேசுவார்கள்.

மூன்று மணிக்கு டைரக்டர்ஸ் பாக்ஸில் உட்காருகிறீர்கள். தூறல். எழுபதாவது நிமிடம், 0-2. இடது பக்க ஸ்டாண்டில் ஒரு மூலையில் யாரோ ஆரம்பிக்கிறார், "போர்டைத் தூக்கு", அதாவது நிர்வாகக் குழுவை விரட்டு என்று ராகத்தோடு, பத்துப் பேர், நூறு பேர், அப்புறம் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பிக் கை நீட்டிப் பாடுகிறார்கள். அந்த மாதம் உங்கள் வீட்டுப் பணத்திலிருந்து மூன்று லட்சம் பவுண்டு போட்டிருப்பீர்கள். எழுந்து போகாதீர்கள். போனில் பார்க்காதீர்கள். சிரிக்கவே சிரிக்காதீர்கள். மேட்ச் முடிந்ததும் கார் வரை நடந்தே போங்கள், நாலு பேர் திட்டுவார்கள், ஐந்தாவது ஆள் கொஞ்சம் தயங்கி, நிலைமை என்ன என்று உண்மையாகவே கேட்பார். அவரோடு பத்து நிமிடம் நில்லுங்கள்.

வராமலே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிளாக்பர்னைப் பாருங்கள். 1995இல் பிரீமியர் லீக் சாம்பியன். 2010 நவம்பரில் வெங்கீஸ் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கி, கடனையும் ஏற்றுக்கொண்டது. ஒரு மாதம்கூட முடியவில்லை, அணி நடுவில் 13ஆம் இடத்தில் பத்திரமாக இருந்தபோதே மேனேஜர் சாம் அலர்டைஸை அனுப்பினார்கள். (அங்கே மேனேஜர் என்றால் நாம் கோச் என்கிறோமே, அவர்தான்.) பயிற்சிக் குழுவில் இருந்த ஸ்டீவ் கீன் அந்த இடத்துக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழி சாப்பிடுகிற விளம்பரம் ஒன்றும் வந்தது. 2012 மே மாதம், கொட்டும் மழையில், விகனோடு தோற்றுக் கீழே இறங்கிய இரவு, ரோவர்ஸ் கொடி போர்த்திய நிஜக் கோழி ஒன்றை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டார்கள். அது பெனால்டி பாக்ஸில் நடந்து திரிய, கோடி கோடியாகச் சம்பாதிக்கிற ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அடுத்து வந்த மேனேஜர்களில் ஒருவர் நிலைத்தது 57 நாள். 2017இல் மூன்றாம் அடுக்கு வரை போய் மறு வருடமே திரும்பினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் குடும்பம் கைவிட்டு ஓடவில்லை, ஒவ்வொரு வருடமும் கோடிக்கணக்கில் பவுண்டு போட்டுத்தான் கிளப் ஓடியது. ஆனாலும் கோபம் தணியவில்லை. புனேயில் இருக்கிறவருக்கு அந்தக் கோபத்தின் வாசனைகூட வந்திருக்காது.

மேனேஜர் பற்றி ஒரு வரி: தோல்வி கண்ட மாலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். மீதி ஒப்பந்தக் காலத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், புதியவர் தன் உதவியாளர் நாலு பேரோடு வருவார், அவருக்கு முந்தையவர் வாங்கிய ஆட்டக்காரர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது.

மூலவரைத் தொடாதீர்கள்

உரிமையாளர் என்ற வார்த்தையே கொஞ்சம் ஏமாற்று வார்த்தை. ஊர்க்காரர்கள் கண்ணுக்கு நீங்கள் கோயில் தர்மகர்த்தா. திருவிழாச் செலவு உங்கள் தலையில், தேர்ச் சக்கரம் சேற்றில் புதைந்தால் வசவும் உங்களுக்கே, ஆனால் சாமி ஊருடையது. தர்மகர்த்தா கோபுரத்துக்கு வெள்ளையடிக்கலாம், மூலவரை இடம் மாற்ற நினைத்தால் ஊர் திரண்டுவிடும்.

கார்டிஃப் சிட்டி காலம் காலமாக நீல ஜெர்சி, அதன் செல்லப் பெயரே நீலப் பறவைகள். மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் 2012இல் சிவப்பாக்கினார். அடுத்த வருடமே அணி பிரீமியர் லீக்குக்கு ஏறியது, கிளப்புக்கு அது முதல்முறை, ஆனாலும் நிறத்தை மன்னிக்கவில்லை. 2015 ஜனவரியில் நீலத்துக்குத் திரும்பினார். ஹல் சிட்டியின் உரிமையாளர் பெயரை ஹல் டைகர்ஸ் என்று மாற்ற விண்ணப்பித்தார், 2014இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்ஏ நிராகரித்தது. விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் நகரத்துக்குத் தூக்கிச் செல்ல 2002இல் அனுமதி கிடைத்தபோது ரசிகர்கள் தெருவில் நிற்கவில்லை, ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கிளப்பைத் தொடங்கிப் பல அடுக்கு கீழேயிருந்து ஏறி, ஒன்பதே வருடத்தில் லீக்குக்குள் வந்துவிட்டார்கள்.

நன்றாக நடந்ததும் உண்டு. லெஸ்டரில் தாய்லாந்தின் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா 2010இல் வாங்கினார், பிறந்தநாளுக்கு மைதானத்தில் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுப்பார், 2016இல் 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் கழித்துக்கட்டிய அணி பிரீமியர் லீக் வென்றது. 2018 அக்டோபரில் ஆட்டம் முடிந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் விழுந்து அவர் இறந்தபோது வாசலில் பூக்கள் மலையாகக் குவிந்தன. பிரென்ட்ஃபர்டின் மேத்யூ பென்ஹாம், பிரைட்டனின் டோனி புளூம் இருவரும் சிறுவயதிலிருந்தே அந்தந்த அணியின் ரசிகர்கள், இருவரும் பந்தயக் கணக்கில் பணம் பார்த்தவர்கள். மற்றவர்கள் கவனிக்காத ஆட்டக்காரனைப் புள்ளிவிவரத்தில் தேடி மலிவாக எடுத்து, நல்ல விலைக்கு விற்றுத்தான் இவர்கள் கிளப்பை மேலே கொண்டுவந்தார்கள். கவர்ச்சியே இல்லாத வேலை. நீங்கள் காப்பியடிக்க வேண்டுமானால் ரெக்ஸமை விட்டுவிட்டு இதை அடியுங்கள்.

வெளியே வரும் வழி

இதை வாங்குவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள். கிளப்புக்குள் போட்ட பணத்தைக் கடன் என்று எழுதிவைப்பார்கள், திரும்ப வரும் என்று யாரும் நம்புவதில்லை. செல்சியின் முந்தைய உரிமையாளர் அப்ரமோவிச் கிளப்புக்குக் கொடுத்திருந்த சுமார் 150 கோடி பவுண்டு கடனை விற்பனையின்போது கேட்கவில்லை. நீங்கள் போட்டது அத்தனையும் விலையில் கேட்டால் வாங்க வருகிறவர் வாசலோடு போய்விடுவார்.

யாரும் வராமல், வரித்துறை கலைப்பு மனு போட்டு, நிர்வாகியிடம் போனால் வரிசை இப்படி: ஆட்டக்காரர் சம்பளமும் மற்ற கிளப்களின் பாக்கியும் முழுசாக, மற்றவர்களுக்கு மிஞ்சியது. பை சப்ளை செய்தவர், அச்சுக்கடைக்காரர் எல்லாம் அந்த "மற்றவர்கள்". 2010இல் போர்ட்ஸ்மத் விழுந்தபோது பாக்கிப் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது, மைதானத்தில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்க வருகிற தொண்டு அமைப்பு. அந்த ஊரில் தொடர்ந்து வசிக்கப்போகிறவர் நீங்கள் என்றால் முதலில் அப்படிப்பட்ட சின்ன பில்களைத் தீர்த்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கிக் லேனுக்குப் போய்வாருங்கள். 2019இல் கடைசிநாள் அன்றுகூட, யாரோ வாங்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் ஊர்க்காரர்கள் துடைப்பமும் வாளியும் எடுத்துவந்து இருக்கைகளைத் துடைத்தார்கள், மாலையில் பேரம் முறிந்த செய்தி வந்தது. 2022இல் ரசிகர்கள் பணம் திரட்டி, அரசு நிதியும் வாங்கி மைதானத்தை மீட்டார்கள், 2023இல் பரி எஃப்சி பழைய பெயரோடு பல அடுக்கு கீழேயிருந்து அங்கே மறுபடி ஆடத் தொடங்கியது. இப்போது கிளப் ரசிகர்களுடையது. பாக்ஸ் வேண்டாம், சாதாரண டிக்கெட் வாங்குங்கள், பக்கத்து இருக்கையில் வயதானவர் யாராவது இருந்தால் இந்த மைதானம் எப்படிக் கைவிட்டுப் போனது என்று கேளுங்கள். இடைவேளை பதினைந்து நிமிடம் போதாது, ஆட்டம் முடிந்த பிறகு கேட்பது நல்லது.